வானில் இருப்பதா, கேமராவில் இருப்பதா?

கைபேசியில் எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால், அது சுவரில் இருக்கும் கறையா, லென்ஸில் ஒட்டிய தூசியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கைபேசியைச் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் போதும். புள்ளி சுவரோடு சேர்ந்து இடம் மாறினால் அது கறை. படத்தின் அதே ஓரத்தில் அப்படியே நின்றால் தூசி. சந்தேகம் தீரவில்லை என்றால் எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். வானியலில் அந்தக் கடைசி வசதி கிடையாது. பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் திரளை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தில் விழுந்த ஒரு புள்ளி வானத்திலிருந்து வந்ததா, கேமராவுக்குள்ளேயே பிறந்ததா என்பதைப் படங்களை வைத்தேதான் தீர்மானிக்க வேண்டும். அதனால் பெரிய வானியல் கேமரா ஒவ்வொன்றுக்கும், தெரிந்த குறைகள் இவை இவை என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தக் கேமராவின் படங்களை ஆராய வருபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சிலி நாட்டில் செர்ரோ தொலோலோ மலைமீது சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் விக்தோர் பிளாங்கோ தொலைநோக்கியின் கேமரா. தொலைநோக்கியின் ஆடி 4 மீட்டர் விட்டம் கொண்டது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் உருவான ‘டார்க் எனர்ஜி கேமரா’ 2012 செப்டம்பரில் அதில் முதல் படத்தை எடுத்தது. பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலை ஆராய்வதற்கென்றே கட்டப்பட்டதால் அந்தப் பெயர். ஒரே படத்தில் அது பிடிக்கும் வானப் பரப்பு சுமார் 3 சதுர பாகை. ஏறக்குறைய பதினைந்து முழுநிலவுகளின் பரப்பு. கேமராவின் குவிதளத்தில் 62 சிலிக்கன் சில்லுகள் ஓடு பதித்ததுபோல நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2,048 × 4,096 பிக்சல்கள். ஓரங்களில் இன்னும் 12 சிறிய சில்லுகள் உண்டு. எல்லாம் சேர்ந்தால் 57 கோடி பிக்சல்கள்.

இந்தச் சில்லுகள் சி.சி.டி. வகையைச் சேர்ந்தவை. 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். தமிழில் இதை மின்னூட்டக் கைமாற்றி என்று சொன்னால் அதன் வேலை விளங்கிவிடும். தோட்டத்தில் வரப்பு கட்டிப் பிரித்த சின்னச் சின்னப் பாத்திகளை நினைத்துக்கொள்ளலாம். மழைக்குப் பதில் ஒளி விழுகிறது. ஒளித்துகள் சிலிக்கனில் படும்போது ஒரு மின்னூட்டம் விடுபட்டு, அந்தப் பாத்தியில் சேர்கிறது. பாத்திதான் பிக்சல். வரப்பு என்பது மண்ணால் ஆனதல்ல. சில்லின்மேல் கொடுக்கப்படும் மின்னழுத்தங்கள் எழுப்பும் வேலி. படம் எடுத்து முடிந்ததும் ஷட்டர் மூடுகிறது. வீட்டுக்குக் கான்கிரீட் போடும்போது சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவதுபோல, ஒவ்வொரு வரிசையின் மின்னூட்டமும் பக்கத்து வரிசைக்கு நகர்ந்து, சில்லின் விளிம்பில் இருக்கும் கடைசி வரிசையை அடைகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து, இரண்டு முனைகளில் உள்ள இரண்டு பெருக்கிகளுக்குப் போய் எண்ணாகிறது. ஒரு பெருக்கி விநாடிக்கு 2.5 லட்சம் பிக்சல்களை அளக்கிறது. அதன் பங்குக்கு வரும் பாதிச் சில்லில் சுமார் 42 லட்சம் பிக்சல்கள் இருப்பதால், அளந்து முடிக்க 17 விநாடி ஆகிறது.

இந்தக் கேமராவின் சில்லுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: தடிமன். வழக்கமான வானியல் சில்லின் ஒளி உணரும் அடுக்கு பத்திருபது மைக்ரான்தான் இருக்கும். இவை 250 மைக்ரான். தொலைதூரத் திரள்களின் ஒளி பிரபஞ்ச விரிவால் சிவந்து அகச்சிவப்பை எட்டிவிடுகிறது. அந்த ஒளிக்கு மெல்லிய சிலிக்கன் கண்ணாடி மாதிரி, ஊடுருவிப் போய்விடும். தடித்த சிலிக்கனில்தான் அது மாட்டும். ஆனால் இந்தத் தடிமனே சில புதிய தொல்லைகளையும் கொண்டுவந்தது. வெப்பத்தால் தானாகவே மின்னூட்டம் சுரப்பது ஒரு தொல்லை. சில்லுகளைத் திரவ நைட்ரஜன் உதவியால் மைனஸ் 100 பாகை செல்சியஸ் அளவில் வைத்து அதை அடக்கியாயிற்று. மற்றவை அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை.

முதலில் வெளிப்படையான குறைகள். வட விளிம்பில் உள்ள என்30 என்ற சில்லு, கேமரா வேலையைத் தொடங்கிய சில வாரங்களில், 2012 நவம்பரில் செயலிழந்தது. எதிர்ப்புறம் தென் விளிம்பில் உள்ள எஸ்30, 2013 நவம்பரில் நின்றுபோனது. 2016 டிசம்பரில் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. கேமராவைக் கழற்றி ஒரு சில்லை மாற்றுவது பெரும் ஆபத்து. ஒன்றைச் சரிசெய்யப்போய் அறுபதை இழக்க நேரலாம். அதனால் படத்தில் ஓட்டை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வானம் கெடவில்லையே, தொலைநோக்கியைச் சற்றுத் தள்ளி அடுத்த படத்தை எடுத்தால், இந்தப் படத்தில் ஓட்டையில் விழுந்த பகுதி அதில் நல்ல சில்லின்மேல் விழும்.

முழுதாகச் செத்த சில்லைவிட ஏமாற்றுகிற சில்லு கொடியது. எஸ்7 என்ற சில்லின் ஒரு பாதிக்கு அந்தக் குணம் உண்டு. பெருக்கி என்பது அரிசி அளக்கும் படி மாதிரி. படி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எஸ்7-இன் ஒரு பெருக்கியில் படியின் அளவே நாளுக்கு நாள் மாறுகிறது. படம் பார்க்க அழகாகவே இருக்கும்; விண்மீன்கள் கூர்மையாகத் தெரியும். ஆனால் அவற்றின் பிரகாசத்தை நம்பக் கூடாது. ஒரே விண்மீனை வெவ்வேறு இரவுகளில் அந்தப் பாதியிலும் மற்றச் சில்லுகளிலும் அளந்து ஒப்பிடும்போதுதான் இந்தக் குறை தெரிகிறது. தனிப் படம் ஒன்றைப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது.

நல்ல சில்லுகளிலும் பிக்சலுக்குப் பிக்சல் வேறுபாடு உண்டு. அதைத் திருத்த இரண்டு துணைப்படங்கள் எடுக்கிறார்கள். ஷட்டரைத் திறக்காமலே சில்லைப் படித்தால் கிடைப்பது அடிநிலைப் படம். காலிப் பாத்திரத்தின் எடை எவ்வளவு என்பதை அது சொல்லும். தொலைநோக்கிக் கூடத்துக்குள் வெண்திரை ஒன்றைச் சீராக ஒளியூட்டி எடுத்தால் கிடைப்பது சீரொளிப் படம். எல்லாப் பாத்திக்கும் ஒரே மழை பெய்தபோது எது அதிகம் பிடித்தது, எது குறைவாகப் பிடித்தது என்பதை அது காட்டும். முதலாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்துவிட்டால் படம் சீராகிவிடும் என்பது பல காலமாக இருந்துவரும் பாடம். இந்தக் கேமராவில் அந்தப் பாடமே ஓரிடத்தில் தவறிப்போகிறது. அது சற்றுப் பின்னால்.

பிரகாசமான விண்மீன்கள் வேறு விதமாகத் தொல்லை தருகின்றன. பாத்தி நிரம்பினால் நீர் வரப்பைத் தாண்டும். சில்லில் நெடுவரிசைகளுக்கு இடையிலான வேலி நிரந்தரமானது, உறுதியானது. ஒரே நெடுவரிசையில் உள்ள பிக்சல்களுக்கு இடையிலான வேலி கைமாற்றுவதற்காகத் திறந்து மூடுவது, பலம் குறைந்தது. ஆகவே வழிவது எப்போதும் நெடுவாக்கில்தான். விண்மீனுக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு இழுத்ததுபோல் தெரியும். அந்த வழிசல் கடைசி வரிசைவரை போய்விட்டால் நிலைமை மோசம். எல்லா மின்னூட்டமும் அந்த ஒரு வரிசை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது நிரம்பி வழியும்போது, ஓர் ஒற்றை விண்மீனால் சில்லின் விளிம்பை ஒட்டி ஒரு பட்டையே குறுக்குவாக்கில் பயனற்றுப் போகும்.

இன்னொன்று குறுக்குக் கசிவு. ஒரு சில்லின் இரண்டு பெருக்கிகளும் ஒரே நேரத்தில் அளக்கின்றன. ஒன்றில் மிகப் பெரிய சமிக்ஞை ஓடும்போது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ மற்றதில் கசிகிறது. அடுத்த அறையில் பேசுவது சுவர் வழியே மெல்லக் கேட்பது மாதிரி. பங்கு சிறியதுதான்; ஆனால் வானத்தில் ஒன்றைவிட ஒன்று ஆயிரம் மடங்கு பிரகாசமாக இருப்பது சர்வ சாதாரணம். இடது பாதியில் ஒரு பெரிய விண்மீன் இருந்தால், வலது பாதியில் மங்கலான ஒரு போலி ‘திரள்’ பிறந்துவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது அதன் இடமே. இரண்டு பெருக்கிகளும் எதிரெதிர் முனைகளிலிருந்து படிப்பதால், போலி சரியாகக் கண்ணாடிப் பிம்பத்தின் இடத்தில், நடுக்கோட்டிலிருந்து அதே தூரத்தில் விழுகிறது. இடம் தெரியும், பங்கும் தெரியும் என்பதால் கணினியில் அதைக் கழித்துவிட முடிகிறது.

வானத்தோடு சம்பந்தமே இல்லாத கோடுகளும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூயான்கள் எந்நேரமும் தரையில் பொழிகின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. சில்லுகள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால், 90 விநாடிப் படம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மியூயான்கள் விழும். மெல்லிய சில்லில் மியூயான் ஒரு புள்ளியோடு போய்விடும். 250 மைக்ரான் தடிமனில் சாய்வாக நுழைவது நீண்ட நேர்க்கோடாகப் பதிகிறது. அருகிலுள்ள பொருள்களின் கதிரியக்கத்தால் பிறக்கும் எலக்ட்ரான்கள் நேராகப் போகாமல், புழு ஊர்ந்த தடம்போல வளைந்து நெளிந்து பதிகின்றன. விண்மீனின் ஒளி வளிமண்டலத்தைக் கடந்து வருவதால் எப்போதும் சற்றுப் பரவியே விழும். இந்தத் தடங்களோ ஊசி முனைபோலக் கூர்மையானவை. அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்கவும் மாட்டா.

இனி, பழைய பாடம் தவறிய இடம். இந்தச் சில்லுகளின் சீரொளிப் படத்தை உற்றுப் பார்த்தால், வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் மெல்லிய வட்டவில்கள் தெரிகின்றன. வளையத்துக்கும் வளையத்துக்கும் பிரகாச வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்குள்தான். தொலைநோக்கியை எங்கே திருப்பினாலும் வளையங்கள் அசைவதில்லை. ஆகவே அவை சில்லுக்கு உரியவை. பிறப்பும் தெரிந்ததே. சிலிக்கன் படிகத்தைச் சுழற்றியபடி வளர்க்கும்போது, கலந்துள்ள மாசின் அளவு வட்டவட்டமாகச் சிறிதே கூடிக் குறைகிறது. அந்தப் படிகத்தை வட்டத் தகடுகளாக அரிந்து, தகட்டிலிருந்து சில்லுகளை வெட்டுகிறார்கள். எல்லா வளையத்துக்கும் தகட்டின் மையமே மையம்.

கேள்வி இதுதான்: வளையத்தில் உள்ள பிக்சல் ஒளியை அதிகம் உணர்கிறதா, அல்லது அதன் பரப்பு பெரியதா? பாத்தியின் மொழியில் கேட்டால், மண் நன்றாக நீர் பிடிக்கிறதா, வரப்பு வளைந்து பாத்தி அகன்றுவிட்டதா? சீராகப் பெய்யும் மழையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். சீரொளிப் படம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஆனால் திருத்தம் இரண்டுக்கும் வேறு. மண் காரணம் என்றால் வகுப்பது சரி. வரப்பு காரணம் என்றால் வகுப்பதே தவறு. ஒரு விண்மீனின் ஒளி முழுவதும் சில பாத்திகளுக்குள் விழுந்துவிட்டால், இடையில் இருக்கும் வரப்பு எங்கே வளைந்தாலும் மொத்த நீர் மாறுவதில்லை. அதை வகுத்தால் இல்லாத பிழையைத் திருத்தி, புதுப் பிழையை உண்டாக்கியதாகும்.

பிரித்தறிய வழி உண்டு. வரப்பு வளைந்திருந்தால் விண்மீனின் இடம் நகர்ந்து தெரிய வேண்டும். மண் மட்டும் காரணம் என்றால் இடம் நகராது. ஆந்த்ரேஸ் பிளாசாஸ், கேரி பெர்ன்ஸ்டைன், எரின் ஷெல்டன் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. ஏராளமான படங்களில், விண்மீன்கள் இருக்க வேண்டிய இடத்துக்கும் பதிவான இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சில்லின் ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி பார்த்தார்கள். தனி அளவீட்டில் கண்ணுக்கே தட்டாத, பிக்சலில் நூற்றில் சில பங்கே ஆன நகர்வு, சராசரியில் வடிவம் பெற்றது: அதே வட்டவில்கள். சீரொளிப் படத்தின் வளையங்களைக் கொண்டு கணக்கிட்ட நகர்வும், விண்மீன்கள் காட்டிய நகர்வும் பொருந்தின. மாசு மாறுபடுவதால் சில்லுக்குள் பக்கவாட்டில் ஒரு சிறு மின்புலம் உண்டாகி, கீழே இறங்கும் மின்னூட்டத்தைச் சற்று ஒதுக்கித் தள்ளுகிறது. சில்லு தடித்தது, இறங்கும் தூரம் அதிகம், ஒதுங்கவும் நேரம் உண்டு. குற்றவாளி வரப்புதான். இந்தக் கேமராவைப் பற்றிய ஆய்வுகளில் இதைவிட அழகான ஒன்றைச் சொல்வது கடினம். குறையாக இருந்த வளையங்கள் இன்று விண்மீன்களின் இடத்தைத் திருத்தும் வரைபடமாகிவிட்டன.

இதன் உறவினர் இன்னொரு விளைவு: பிரகாசம் கூடினால் பிம்பம் அகலும். ஒரு பிக்சலில் ஏற்கெனவே சேர்ந்த மின்னூட்டம், பின்னால் வரும் அதே இன மின்னூட்டத்தை விலக்கித் தள்ளுகிறது. நிரம்பிய பேருந்தில் ஏற முடியாதவர்கள் பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்குவதுபோல, அவை பக்கத்துப் பிக்சலில் போய் விழுகின்றன. விளைவாக, பிரகாசமான விண்மீன் மங்கலானதைவிடச் சற்றுப் பருத்துத் தெரியும். இதற்குச் சீரொளிப் படமே சாட்சி சொல்கிறது. மழைத்துளிகள் தற்செயலாக விழுவதால் பாத்திக்குப் பாத்தி சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். மழை கூடக்கூட அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு வளர வேண்டும் என்பதற்குக் கறாரான விதி உண்டு. சில்லில் அது விதி சொல்வதைவிடக் குறைவாகவே வளர்கிறது. நிறைந்த பிக்சல் தன் மிகையைப் பக்கத்துக்குத் தள்ளி, மேடுபள்ளத்தை நிரவிவிடுவது இப்படித் தெரியவருகிறது. விளைவு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் என்றாலும் ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கேமராவைக் கொண்டு 2013 முதல் 2019 வரை 758 இரவுகள் நடந்த கரும் ஆற்றல் கணக்கெடுப்பு, 10 கோடிக்கும் மேற்பட்ட திரள்களின் வடிவத்தை அளந்தது. இடையில் உள்ள பொருளின் ஈர்ப்பு அந்த வடிவங்களை வளைப்பதும் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான்.

ஒளி லென்ஸ்களுக்குள் வழிதவறுவதும் உண்டு. விண்மீன் ஒளியில் சிறு பங்கு சில்லில் பட்டுத் திரும்பி, நிற வடிகட்டியிலோ லென்ஸிலோ மோதி மறுபடி சில்லுக்கு வந்தால், நடுவில் ஓட்டையுள்ள வடைபோல ஒரு பெரிய மங்கல் வளையம் படத்தில் விழும். தொலைநோக்கியை நகர்த்தினால் அது விண்மீனோடு சேர்ந்து நகராமல் தன்பாட்டுக்கு வேறு அளவில் நகரும். சிதறிய ஒளியின் ஒரு பகுதி வடிகட்டிகளும் ஷட்டரும் இருக்கும் பகுதியின் உட்சுவர்களிலிருந்து வந்தது. 2014 மார்ச்சில் அந்தச் சுவர்களுக்கு ஒளியை விழுங்கும் கறுப்புச் சாயம் பூசினார்கள். அதிநவீனக் கேமராவின் ஒரு கோளாறு தீர்ந்தது தூரிகையால்.

இவ்வளவும் சில்லின் கதை. இரவில் அவதானிப்பவர் பார்ப்பது சில்லை அல்ல, கட்டுப்பாட்டு மேசையின் திரைகளை. வரிசையில் காத்திருக்கும் படங்கள், தொலைநோக்கி நோக்கும் திசை, வடிகட்டி, மேகத்தைக் கண்காணிக்கும் அகச்சிவப்புக் கேமரா, எடுத்து முடிந்த படத்தின் தரம் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கி நகர வேண்டும்; ஓரத்துச் சிறு சில்லுகளில் நான்கு அதை வழிநடத்துகின்றன. மேகம் குறுக்கிட்டால் அவை வழிகாட்டி விண்மீனைத் தவறவிடும். படம் ஓடிக்கொண்டே இருக்கும். விண்மீன்கள் இழுபட்டுப் பதியும்.

மற்ற எட்டுச் சிறு சில்லுகள் குவியத்துக்கு. அவை வேண்டுமென்றே குவிதளத்திலிருந்து 1.5 மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாக வைக்கப்பட்டவை. குவியம் தப்பிய விண்மீன் அங்கே வட்டமான வளையமாகத் தெரியும். வளையம் பெரிதாகியிருந்தால் கேமராவின் தூரம் மாறியிருக்கிறது. ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருந்தால் கேமரா பக்கவாட்டில் விலகியோ சாய்ந்தோ இருக்கிறது. கணினி இதைப் படித்து, கேமராவைத் தாங்கும் ஆறு கால்களை நீட்டியும் குறுக்கியும் சரிசெய்கிறது. ஆனால் முடிந்த படத்திலிருந்து கிடைத்த திருத்தம் அடுத்த படத்துக்குத்தான் உதவும். தொலைநோக்கி வானத்தின் மறுகோடிக்குத் திரும்பிய உடனே எடுக்கும் படத்துக்கு, முன்கூட்டித் தயாரித்த அட்டவணைதான் துணை. அதனால் அந்த முதல் படத்தை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மேசையில் இன்னொரு நுட்பமான பிரச்சினை, திரை என்பது நிலைமையின் நகல் மட்டுமே என்பது. திரை உறைந்துபோனால் கடைசியாக வந்த தகவலைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். வெகு தொலைவிலிருந்து இணையம் வழியாக அவதானிப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே நிலைமையைத் திரையின் நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல், புதிதாக வந்திறங்கிய கோப்பைத் திறந்து பார்ப்பதே நல்ல வழக்கம். கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் விவரத்தையும் வானத்தைக் கொண்டே சோதிக்கலாம். திசை சரியா என்பதைப் படத்து விண்மீன்களின் அமைப்பு, அட்டவணை விண்மீன்களோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நேரமும் கவனிக்கத் தக்கது. ஷட்டரின் இரண்டு தகடுகள் அகன்ற குவிதளத்தைக் கடக்கச் சற்று நேரம் எடுக்கும். எல்லாச் சில்லுக்கும் ஒளி விழும் கால அளவு ஒன்றுதான், தொடங்கும் கணம் ஒன்றல்ல. விண்மீனுக்கு அது பொருட்டல்ல. வேகமாக நகரும் சிறுகோளுக்குப் பொருட்டு.

இரவு முடிந்து, துணைப்படங்களால் திருத்தி, கணினி வெளியிடும் ஒவ்வொரு படத்தோடும் அதே அளவில் இன்னும் இரண்டு படங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று எடைப்படம்: ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண். மற்றது மறைப்புப் படம்: இந்தப் பிக்சல் பழுது, இது நிரம்பி வழிந்தது, இதில் மியூயான் விழுந்தது என்று காரணத்துக்கு ஒரு குறி. மங்கலான புதுப் புள்ளி ஒன்றைக் கண்டவர், அதற்குப் பெயர் வைக்கும் முன் திறந்து பார்ப்பது அந்த மறைப்புப் படத்தைத்தான்.